ஐரோப்பியக் கட்சிகள் நாடு தாண்டிச் சேர்வது எப்படி? தகுதி, பணம், வெளியேற்றம்

வைகைக்கரை:

ஜெர்மனியின் சிடியு, ஸ்பெயினின் மக்கள் கட்சி, போலந்தின் சிவிக் கோலிஷன் (2025 வரை சிவிக் பிளாட்ஃபார்ம்) எல்லாம் தனித்தனிக் கட்சிகள். ஆனால் இவை 'ஐரோப்பிய மக்கள் கட்சி' (இபிபி) என்ற ஒன்றின் உறுப்புகள் என்கிறார்கள். அதே பெயரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஒரு குழுவும் இருக்கிறது. கட்சியும் குழுவும் ஒன்றுதானா? அப்படி ஒரு கட்சியைப் பதிய என்ன தகுதி வேண்டும்? செலவுக்கு யார் பணம் தருகிறார்கள்? உறுப்புக் கட்சி ஒன்று வழி மாறிப்போனால் மற்றவர்களால் என்ன செய்ய முடிகிறது?

தெற்காசியாவிலும் இப்படி ஒன்றை அமைக்கலாமா என்று எங்கள் வாசகர் வட்டத்தில் விவாதம் வைத்திருக்கிறோம். பொதுவான விளக்கம் நிறையக் கிடைக்கிறது. விதி என்ன, எண் என்ன, எங்கே உடைந்தது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெய்தல்நிலவன்:

இரண்டும் வேறு வேறு. கட்சி என்பது பல நாட்டுக் கட்சிகள் சேர்ந்த சங்கம். தலைவர், மாநாடு, அரசியல் பேரவை, பெரும்பாலும் பிரஸ்ஸல்ஸில் ஓர் அலுவலகம் என்று அதற்குத் தனி அமைப்பு உண்டு. இபிபி 1976இல் லக்சம்பர்க்கில் தொடங்கியது. குழு என்பது நாடாளுமன்றத்துக்குள் எம்பிக்கள் சேர்ந்து அமைக்கும் அணி. ஒரே குழுவில் இரண்டு கட்சிகள் இருக்கலாம்: பசுமைக் கட்சியும், கத்தலோனியா, ஸ்காட்லாந்து போன்ற பகுதிகளின் தேசியக் கட்சிகளைச் சேர்த்த ஐரோப்பிய சுதந்திரக் கூட்டணியும் பல ஆண்டுகளாக ஒரே குழுவில் உட்காருகின்றன. எதிர்மாறாகவும் நடக்கும். பெல்ஜியத்தின் பிளெமிஷ் தேசியக் கட்சியான என்விஏ, 2014இல் சுதந்திரக் கூட்டணியில் உறுப்பாக இருந்துகொண்டே நாடாளுமன்றத்தில் பழமைவாதிகள் பக்கம் போய் உட்கார்ந்தது. இந்த வேறுபாட்டை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியேற்றம் பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

கட்சியைப் பதிவது 1141/2014 என்ற ஒழுங்குமுறைச் சட்டப்படி நடந்துவந்தது; 2025இல் அதை மாற்றி எழுதியிருக்கிறார்கள், நான் சொல்வது அதற்கு முந்தைய விதி. பதிவு செய்வதற்கென்றே பிரஸ்ஸல்ஸில் ஒரு தனி ஆணையம் 2016 முதல் இயங்குகிறது. விண்ணப்பிக்கும் கட்சிக்கு உறுப்பு நாடுகளில் கால் பங்கில், அதாவது 27இல் 7 நாடுகளில், மக்கள் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். ஐரோப்பிய எம்பியாகவோ தேசிய எம்பியாகவோ இருக்கலாம். நம் சட்டமன்றம் போன்ற மாநில அவையின் உறுப்பினராக இருந்தாலும் கணக்கில் வரும். அதற்கு வழியில்லை என்றால், கடைசி ஐரோப்பியத் தேர்தலில் 7 நாடுகளிலும் தலா 3 சதவீதமாவது வாக்கு வாங்கியிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவில் உள்ள ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, சிறுபான்மையினர் உரிமை ஆகியவற்றை மதிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

2018 வரை இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கட்சியாகச் சேராமல், தனிப்பட்ட எம்பி ஒருவர் கையெழுத்துப் போட்டாலே அந்த நாடு கணக்கில் சேர்ந்துவிடும். ஒரே தேசியக் கட்சியின் எம்பிக்கள் ஆளுக்கொரு ஐரோப்பியக் கட்சிக்குக் கையெழுத்துப் போட்டு, ஆளில்லாத அமைப்புகளுக்கும் பொதுப்பணம் போக வழிசெய்தார்கள். 2018 திருத்தம் இதை அடைத்தது. இப்போது கட்சிதான் உறுப்பாக முடியும்; அதுவும் ஒரே ஓர் ஐரோப்பியக் கட்சியில்தான்.

குழு அமைக்க 23 எம்பிக்கள் வேண்டும், அவர்கள் 7 நாடுகளிலிருந்து வந்திருக்க வேண்டும். குழுவாக இல்லாதவர்களுக்கு இழப்பு அதிகம். பேச்சு நேரம், ஊழியர்கள், அறிக்கை எழுதும் பொறுப்பு எல்லாம் குழு வழியாகத்தான் பகிரப்படுகின்றன. அவையின் நிகழ்ச்சி நிரலை முடிவு செய்யும் தலைவர்கள் கூட்டத்தில் குழுத் தலைவர்களுக்குத்தான் வாக்கு.

உடைவது பெரும்பாலும் எம்பி எண்ணிக்கையால் இல்லை, நாடுகளின் எண்ணிக்கையால். 2014 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகக் கோரிய பிரிட்டனின் யுகிப் கட்சி, இத்தாலியின் ஐந்து நட்சத்திர இயக்கம் இரண்டும் சேர்ந்திருந்த குழுவில் 40க்கும் மேற்பட்ட எம்பிக்கள் இருந்தார்கள். நாடுகள் மட்டும் சரியாக 7. லாட்வியாவின் ஒரே எம்பி ஐவெட்டா கிரிகுலே விலகினார், நாடுகள் 6 ஆயின, குழு அன்றே கலைந்தது. சில நாட்களில் போலந்திலிருந்து ஒருவரைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் எழுந்தார்கள். குழு அமைப்பவர்கள் 8 அல்லது 9 நாடுகள் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது இதனால்தான். 2024இல் ஜெர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி அமைத்த குழு 25 எம்பிக்கள், 8 நாடுகள் என்று ஒரு நாட்டுக்கு இடம் வைத்தே தொடங்கியது.

இன்னொரு வகை உடைப்பு 2007இல் நடந்தது. தீவிர தேசியவாதக் கட்சிகள் ஜனவரியில் ஒரு குழு அமைத்தன. அன்றைய குறைந்தபட்சம் 20 எம்பிக்கள். நவம்பரில் இத்தாலியின் அலெஸாண்ட்ரா முசோலினி ருமேனியர்களை இழிவாகப் பேச, குழுவில் இருந்த ருமேனியர்கள் 5 பேர் எழுந்து போனார்கள். எண்ணிக்கை 20க்குக் கீழே வந்தது, குழு முடிந்தது. அடுத்த நாட்டுக்காரனை வெறுப்பதே கொள்கையாக உள்ள கட்சிகள் நாடு தாண்டிச் சேர்ந்தால் இந்த விரிசல் கூடவே வரும்.

கணக்கர் பாரி:

பணப் பகுதியை நான் எழுதுகிறேன். 2018இல் திருத்திய விதிப்படி இருந்த கணக்கு இது; 2025இல் சட்டத்தை மாற்றி எழுதியதற்கு முந்தையது.

ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பட்ஜெட்டில் கட்சிகளுக்கென ஒரு தொகை ஒதுக்குகிறார்கள். தகுதியுள்ள கட்சிகளுக்கு அதில் 10 சதவீதம் சமமாகப் பிரியும், 90 சதவீதம் ஐரோப்பிய எம்பிக்களின் எண்ணிக்கைப்படி. பதிவு மட்டும் இருந்தால் பணம் வராது. குறைந்தது ஓர் ஐரோப்பிய எம்பியாவது வேண்டும்.

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 4 கோடி யூரோ, 10 கட்சிகள், அவற்றில் சேர்ந்த எம்பிக்கள் 600. சமப் பங்கு 40 லட்சம், கட்சிக்கு 4 லட்சம். மீதி 3.6 கோடியை 600 ஆல் வகுத்தால் எம்பிக்கு 60,000. 10 எம்பி உள்ள சிறு கட்சிக்கு 4 + 6 = 10 லட்சம். 180 எம்பி உள்ள பெரிய கட்சிக்கு 4 + 108 = 1 கோடியே 12 லட்சம்.

இது உச்சவரம்புதான், அப்படியே கைக்கு வந்துவிடாது. ஏற்கத்தக்க செலவில் 90 சதவீதத்துக்கு மேல் நாடாளுமன்றம் தராது, மீதி 10ஐக் கட்சியே திரட்ட வேண்டும். அந்தச் சிறு கட்சி 10 லட்சத்தையும் எடுக்க வேண்டுமானால் சுமார் 11 லட்சத்து 11 ஆயிரம் செலவு காட்டி, அதில் 1 லட்சத்து 11 ஆயிரத்தைச் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். சிறு கட்சிகள் திணறுவது இங்கேதான். உறுப்புக் கட்சிகளின் சந்தா ஆண்டு பட்ஜெட்டில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தனி நன்கொடையாளர் ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 18,000 யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது. பெயர் சொல்லாத நன்கொடை, அரசு அமைப்புகளின் நன்கொடை, நாடாளுமன்றக் குழுவின் பட்ஜெட்டிலிருந்து வரும் பணம் எதையும் வைத்துக்கொள்ள முடியாது. வந்தால் 30 நாளில் திருப்பித் தர வேண்டும்.

அடுத்தது செலவு. ஐரோப்பியத் தேர்தல் பிரசாரத்துக்குச் செலவழிக்கலாம். தேசியக் கட்சிக்கோ அதன் வேட்பாளருக்கோ நேராகவும் தரக் கூடாது, சுற்றி வளைத்தும் தரக் கூடாது. பொதுவாக்கெடுப்புப் பிரசாரத்துக்கும் தரக் கூடாது. தணிக்கையில் கட்சிகள் சிக்குவது பெரும்பாலும் இந்த 'சுற்றி வளைத்து' என்ற சொல்லில்தான். யுகிப் முன்னின்று நடத்திய ஏடிடிஇ என்ற ஐரோப்பியக் கட்சி, பிரிட்டனில் கருத்துக்கணிப்புகளுக்குப் பணம் கொடுத்தது. எந்தத் தொகுதிகளில், எந்தக் கேள்விகள் என்று தணிக்கையில் பார்த்தபோது, 2015 பிரிட்டன் பொதுத்தேர்தலில் யுகிப் வெல்ல நினைத்த தொகுதிகளும் பிரெக்ஸிட் வாக்கெடுப்பும்தான் அவற்றின் நோக்கம் என்று தெரிந்தது. 2016 நவம்பரில் நாடாளுமன்றத்தின் நிர்வாக மன்றம் சுமார் 1.7 லட்சம் யூரோவைத் திருப்பிக் கேட்டது. அந்தக் கட்சி அதற்குப் பிறகு தேறவில்லை.

தெற்காசியாவில் இப்படி ஒன்றை யோசிப்பவர்கள் முதலில் இந்தத் தடையை எழுதிவைக்க வேண்டும். பொதுப்பணம் எல்லை தாண்டி ஒரு நாட்டின் உள்நாட்டுத் தேர்தலுக்குள் போகாது என்ற உறுதி இல்லாவிட்டால் எந்த நாடும் இதற்கு ஒப்புக்கொள்ளாது.

வைகைக்கரை:

பாரி சார், கணக்கு நன்றாகப் புரிந்தது. அப்படியானால் இவர்களைச் சேர்த்து வைத்திருப்பது பணம்தானா? ஒரு ஜெர்மன் எம்பி ஏன் ஒரு கிரேக்கர் தலைமையில் சொன்னபடி வாக்களிக்கிறார்? அதோடு, வெளியேற்றம் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

கணக்கர் பாரி:

பணம் இல்லாமல் அலுவலகம் இயங்காது, மாநாடு நடக்காது, மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. 24 மொழிகள் உள்ள இடத்தில் இது சிறிய செலவு இல்லை. பிணைப்பில் பெரும்பங்கு அதற்குத்தான் என்பேன்.

மருதன் இளங்கோ:

பாரி சொல்வதில் எனக்கு உடன்பாடு பாதிதான். பணத்தை நிறுத்தினாலும் பெரிய கட்சிகள் சேர்ந்தேதான் இருக்கும். அவற்றைப் பிணைப்பது பதவியும் சட்டமும்.

720 பேர் அவையில் தனியாக யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 2024 ஜூலையில் இபிபிக்கு 188, சோஷலிஸ்டுகளுக்கு 136. ஒரு சட்ட வரைவு வந்தால் கமிட்டியில் ஒரு குழுவுக்கு அறிக்கையாளர் பொறுப்பு, அதாவது அந்த வரைவைப் பற்றிய அறிக்கையை எழுதும் வேலை, கிடைக்கும். மற்றக் குழுக்கள் ஆளுக்கொரு நிழல் அறிக்கையாளரை வைக்கும். இவர்கள் உட்கார்ந்து பேசித்தான் வாசகம் உருவாகிறது. பிறகு, அவை கூடுவதற்கு முந்தைய வாரம் குழுக் கூட்டம். திருத்தம் ஒவ்வொன்றுக்கும் ஆதரவா, எதிர்ப்பா என்ற பட்டியல் எம்பியின் கையில் வந்துவிடும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் வாக்குக்கு வரும். தன் கமிட்டியைச் சேராத விஷயங்களில் எம்பிக்கு அந்தப் பட்டியல்தான் வழிகாட்டி. கிரேக்கருக்கு ஜெர்மானியர் பணிகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் துறையைப் படித்த சகாவை நம்பி வாக்களிக்கிறார், தன் துறையில் அவரும் தன்னை நம்புவார் என்பதால்.

நம்பிக்கைக்கு ஓர் எல்லையும் உண்டு. அடுத்த தேர்தலில் சீட்டுத் தருவது குழு இல்லை, சொந்த நாட்டுக் கட்சி. இரண்டும் முரண்பட்டால் பெரும்பாலான எம்பிக்கள் நாட்டுக் கட்சியின் பக்கம்தான் போவார்கள். நம் நாட்டுக் கட்சித்தாவல் தடைச் சட்டம் போல அங்கே எதுவும் இல்லை. குழுவின் சொல்லை மீறினால் பதவி போகாது.

கட்சிகளின் உண்மையான எடை தெரிவது தலைமைப் பதவிகளைப் பிரிக்கும்போது. 2024 ஜூனில் இபிபிக்காக போலந்தின் டஸ்க், கிரீஸின் மிட்சோடாகிஸ். சோஷலிஸ்டுகளுக்காக ஜெர்மனியின் ஷோல்ஸ், ஸ்பெயினின் சாஞ்செஸ். லிபரல்களுக்காக பிரான்ஸின் மக்ரோன், நெதர்லாந்தின் ருட்டே. இந்த ஆறு பேரும் பேசி முடித்ததுதான் ஐரோப்பிய ஆணையத் தலைவராக வான் டெர் லெயன், ஐரோப்பிய கவுன்சில் தலைவராக கோஸ்டா, வெளியுறவுக்கு காயா கல்லாஸ். ஆறு பேரும் ஆட்சித் தலைவர்கள், ஆனால் மேசையில் அவர்கள் பேசியது கட்சிக் குடும்பத்தின் பெயரில். உச்சிமாநாட்டுக்கு முன்பு ஒவ்வொரு கட்சிக் குடும்பமும் தன் பிரதமர்களைத் தனியாகக் கூட்டிப் பேசும் வழக்கம் இதற்குத்தான்.

வெளியேற்றத்துக்கு வருகிறேன். சட்டத்தின் ஆட்சியை மீறுவதாகக் குற்றம்சாட்டப்பட்ட, ஹங்கேரியில் அப்போது ஆண்ட ஃபிடெஸ் கட்சியின் விவகாரத்தைப் படித்தால் முழு நடைமுறையும் புரியும். இபிபியின் விதிப்படி, 5 நாடுகளைச் சேர்ந்த 7 உறுப்புக் கட்சிகள் கேட்டால் இடைநீக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்; முடிவு அரசியல் பேரவையின் கையில். 2019 மார்ச் 20 அன்று 190க்கு 3 என்ற வாக்கில் ஃபிடெஸ் இடைநீக்கம் செய்யப்பட்டது. வான் ரோம்பாய், போட்டரிங், ஷூஸல் என்ற மூத்த தலைவர்கள் மூவரும் நிலைமையை மதிப்பிட அமர்த்தப்பட்டார்கள். ஃபிடெஸுக்குக் கூட்டங்களில் இடமில்லை, வாக்கில்லை, வேட்பாளரை முன்மொழிய முடியாது.

ஆனால் இடைநீக்கம் நடந்தது கட்சியில். நாடாளுமன்றக் குழுவில் ஃபிடெஸ் எம்பிக்கள் அப்படியே இருந்தார்கள், 2019 தேர்தலுக்குப் பிறகும் அங்கேயே வந்து உட்கார்ந்தார்கள். ஒரு தேசியப் பிரதிநிதிக் குழுவை மொத்தமாக நிறுத்திவைக்க அந்தக் குழுவின் விதிகளில் வழியே இல்லை. அப்படி ஒரு விதியைச் சேர்க்க 2021 மார்ச் 3 வரை ஆனது. 148 பேர் ஆதரவு, 28 பேர் எதிர்ப்பு. விதி நிறைவேறிய அன்றே, தள்ளப்படும் முன் தாமே விலகுவதாக ஃபிடெஸ் தலைவர் ஓர்பன் கடிதம் அனுப்பினார். கட்சியிலிருந்தும் அந்த மாதமே ஃபிடெஸ் விலகிவிட்டது. அதன் கூட்டாளியான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் ஒரே எம்பி மட்டும் 2024 வரை இபிபி குழுவிலேயே இருந்தார்.

தாமதத்துக்குக் காரணம் விதியில் உள்ள ஓட்டை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு டஜன் எம்பிக்களை இழந்தால் பேரம் பேசும் பலம் குறையும், 90 சதவீதக் கணக்கில் பணமும் குறையும். பாரி சொன்ன பணம் இங்கே வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தவறான திசையில். கொள்கையை மீறியவரைத் தள்ளினால் தள்ளியவருக்குத்தான் நட்டம் என்று அமைந்த ஏற்பாடு இது. விலகிய ஃபிடெஸ் ஒன்றும் அழிந்துபோகவில்லை. 2024இல் 84 எம்பிக்களோடு மூன்றாவது பெரிய குழுவை அமைப்பதில் முன்னின்றது. விகிதாசாரப்படி அந்தக் குழுவுக்கு வர வேண்டிய கமிட்டித் தலைமைகளை மற்றக் குழுக்கள் சேர்ந்து வாக்களித்துத் தடுத்துவிட்டன. இது எழுதப்பட்ட விதி இல்லை. ஒவ்வொரு முறையும் பெரும்பான்மை சேர்ந்தால்தான் நடக்கும்.

சோஷலிஸ்டுகள் சற்று வேகமாக நடந்துகொண்டார்கள். ஸ்லோவாக்கியாவின் ஸ்மேர் கட்சி 2006இல் தீவிர தேசியவாதிகளோடு கூட்டணி ஆட்சி அமைத்தபோது சில மாதங்களில் இடைநீக்கம் செய்தார்கள். 2008இல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். 2023இல் அதே வகைக் கூட்டணி, மறுபடி இடைநீக்கம். முதல் முறை எந்த நிபந்தனையில் சேர்க்கிறோம் என்பதை இறுக்கமாக எழுதியிருந்தால் இரண்டாவது முறை வந்திருக்காது என்பது என் கருத்து.

தாமரைச்செல்வி ப.:

ஆசியப் பக்கத்தை நான் சொல்கிறேன், வைகை. இங்கே முயற்சியே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1953 ஜனவரியில் ரங்கூனில் ஆசிய சோஷலிஸ்ட் மாநாடு தொடங்கியது. பர்மா, இந்தோனேசியா, ஜப்பான், இஸ்ரேல், இந்தியாவின் பிரஜா சோஷலிஸ்ட் கட்சி எல்லாம் அதில் இருந்தன. செயலகமும் ரங்கூனிலேயே இருந்தது; காலனியாட்சிக்கு எதிரான வேலைக்குத் தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். இரண்டாவது மாநாடு 1956 நவம்பரில் பம்பாயில் கூடியது. அதன் பிறகு உறுப்புக் கட்சிகளே சொந்த நாட்டில் சரிந்தன. பர்மாவில் ஆளும் அணி 1958இல் பிளந்தது, 1962இல் ராணுவம் வந்தது. இந்தோனேசியாவில் 1960இல் சுகர்னோ சோஷலிஸ்ட் கட்சியையே தடை செய்தார். செயலகம் இருந்த நாட்டிலேயே கட்சி உடைந்தால் அமைப்பு எங்கே நிற்கும்?

இப்போது இருப்பவை இரண்டு வகை. 2000இல் மணிலாவில் ஹோசே டி வெனேசியா தொடங்கிய ஆசிய அரசியல் கட்சிகளின் சர்வதேச மாநாட்டில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, இடதுசாரி, வலதுசாரி எல்லாரும் வரலாம். எல்லாரும் வருவதால் எல்லாரும் ஒப்பும் பிரகடனம்தான் வெளிவரும். யாரையும் கண்டிக்க முடியாது. மற்றது 1993இல் தொடங்கிய ஆசிய லிபரல், ஜனநாயகக் கட்சிகளின் கவுன்சில். இதற்குக் கொள்கை வரம்பு உண்டு. தைவானின் ஜனநாயக முற்போக்குக் கட்சி, தாய்லாந்தின் ஜனநாயகக் கட்சி, பிலிப்பைன்ஸின் லிபரல் கட்சி போன்றவை உறுப்புகள். செலவுக்கு ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ் நௌமன் அறக்கட்டளை துணை நிற்கிறது.

மருதன் பதவியும் சட்டமும் என்றார். அதற்கு எதிர்ப்பக்க ஆதாரம் மத்திய அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே 1991 முதல் குவாதமாலா நகரில் ஒரு வட்டார நாடாளுமன்றம் நடக்கிறது. நாட்டுக்கு 20 பேர், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அதன் முடிவு உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தாது. அதனால் அங்குள்ள கட்சிக் குழுக்களுக்கு ஐரோப்பாவில் உள்ள எடை வரவில்லை. தெற்காசியாவில் அதுவும் இல்லை. சார்க் உச்சிமாநாடே 2014 காட்மாண்டுவுக்குப் பிறகு கூடவில்லை. எனவே ஐரோப்பிய அமைப்பை அப்படியே எடுத்து வைக்க முயல வேண்டாம். தண்ணீர், மீன்பிடி, புலம்பெயர் தொழிலாளர் என்று ஒரே ஒரு பொருளில், ஒத்த கருத்துள்ள நான்கைந்து கட்சிகள் நிலையான செயலகம் ஒன்றை வைப்பதே நடக்கக்கூடியது. செயலகத்தை ஆண்டுதோறும் நாடு மாற்றாமல், எந்த ஓர் உறுப்புக் கட்சியின் கட்டடத்திலும் வைக்காமல் இருந்தால் ரங்கூன் கதி வராது.

வைகைக்கரை:

இந்தியக் கட்சி ஒன்று இப்படிச் சேர்ந்தால் சட்டச் சிக்கல் வருமா? செயலகத்துக்குச் சந்தா கட்டுவது, அங்கிருந்து உதவி பெறுவது, கூட்டத்துக்கு அவர்கள் செலவில் போய்வருவது பற்றிக் கேட்கிறேன்.

தாமரைச்செல்வி ப.:

பெறுவதில்தான் சிக்கல். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அரசியல் கட்சியும் அதன் பொறுப்பாளர்களும் வெளிநாட்டு மூலத்திலிருந்து பணம் வாங்குவதை முழுவதுமாகத் தடுக்கிறது. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் அதற்குள் வருவார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29பி பிரிவும் இதையே சொல்கிறது. ஆகவே ஐரோப்பா போலப் பொது நிதியிலிருந்து உறுப்புக் கட்சிக்கு எதுவும் வரக் கூடாது என்பதைச் செயலகத்தின் விதியிலேயே எழுதிவிடுங்கள்.

பயணத்துக்குத் தனிப் பிரிவு, 6ஆவது. கட்சிப் பொறுப்பாளரோ சட்டமன்ற உறுப்பினரோ வெளிநாட்டில் விருந்தோம்பலை ஏற்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இதில் அடங்கும். உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் எஃப்சி-2 படிவம், அழைப்புக் கடிதத்தோடு, புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு போட வேண்டும். அழைப்புக் கடிதத்தில் யார் எந்தச் செலவை ஏற்கிறார்கள் என்று தெளிவாக இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும்போது திடீர் மருத்துவ உதவி பெற நேர்ந்தால் முன் அனுமதி தேவையில்லை, ஆனால் ஒரு மாதத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சந்தா கட்டுவது வேறு விஷயம். அது வெளியே போகும் பணம், அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வரும். கட்சியின் வங்கியிடமும் தணிக்கையாளரிடமும் எழுத்தில் கருத்து வாங்கிய பிறகே அனுப்புங்கள். கூட்டத்தை இந்தியாவில் வைத்து, வருகிறவர்கள் தங்கள் டிக்கெட்டைத் தாங்களே வாங்கி வந்தால் இந்தியக் கட்சிக்கு 6ஆம் பிரிவின் தொல்லையே இல்லை. வருகிறவர்களுக்கு மாநாட்டு விசா வேண்டும், அதற்கு உள்துறை, வெளியுறவு அமைச்சகங்களின் ஒப்புதல் பெற நேரம் பிடிக்கும். பாகிஸ்தானிலிருந்து பிரதிநிதிகள் வருவதாக இருந்தால் தேதியை முடிவு செய்யும் முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.